வேனில் ஊர் சுற்ற ஆசையா? ரிட்டயர்மென்ட் பணத்தைப் போடும் முன் 8 நாள் வெள்ளோட்டம் போதும்!

புதுத் தேர் செய்தால்கூட நேராகத் திருவிழாவுக்கு இழுத்துவிட மாட்டார்கள். ஒரு நல்ல நாள் பார்த்து வெள்ளோட்டம் விடுவார்கள். சக்கரம் திரும்புகிறதா, அச்சு தாங்குகிறதா, தெருமுனையில் இடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாமி ஏறும்.

ஆனால் வேன் விஷயத்தில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். யூடியூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, கையில் பணம் வந்ததும் முதலில் வண்டியை வாங்கிவிடுகிறார்கள். பிறகுதான் இருவருக்கும் அந்த வாழ்க்கை ஒத்துவருமா என்ற கேள்வியே எழுகிறது.

நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்தில் சொந்த வீடு கட்டிக் குடியேறிய ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் என்.எல்.சி. ஊழியர். இன்னும் சில மாதங்களில் 60 வயது, பணி ஓய்வு. மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். 35 வருஷம் ஷிப்ட் சைரனுக்கு எழுந்தவருக்கு ஒரே ஆசை: ‘ஒரு வேன் வாங்கி, உள்ளேயே படுத்து எழுந்து, ரெண்டு பேரும் ஊர் ஊராய்ச் சுத்தணும்’.

கையில் வரப்போவது பி.எஃப்., பணிக்கொடை. அதில் 15 லட்சத்தை வேனில் போடலாமா? மனைவிக்குத் தலையாட்டவும் மனசில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனசில்லை. இந்த இழுபறிக்கு விடை சொல்லத்தான் வெள்ளோட்டம். அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது, எதற்கெல்லாம் ஒதுக்குவது என்று பார்க்கலாம்.

வெள்ளோட்டத்தில் கண்டுபிடிக்க வேண்டியது என்ன?

இரண்டே இரண்டு எண்கள்.

ஒன்று, வேனில் இருக்கும்போது ஒரு நாளைக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது? இரண்டு, வருஷத்துக்கு எத்தனை நாள் இருவரும் சந்தோஷமாக வேனில் இருப்பார்கள்?

முதல் எண்ணைப் பற்றி எல்லாரும் யோசிப்பார்கள். இரண்டாவதை யாரும் யோசிப்பதில்லை. ஆனால் வேன் வாங்கலாமா, வாடகைக்கு எடுத்தாலே போதுமா என்பதை முடிவு செய்வது அந்த இரண்டாவது எண்தான். ‘எவ்வளவு சிக்கனமாகப் போய் வந்தோம்’ என்று பெருமைப்பட இந்தப் பயணம் போடக்கூடாது. மூன்று வேளையும் பிரெட் தின்றுவிட்டு, ‘நாளுக்கு 500 ரூபாயில் முடிச்சிட்டோம்’ என்றால் அந்தக் கணக்கு நாளைக்கு உதவாது. எப்படி வாழப்போகிறீர்களோ அப்படியே செலவு செய்ய வேண்டும்.

வேனில் போடும் 15 லட்சத்துக்கு வாடகை உண்டா?

உண்டு. கண்ணுக்குத் தெரியாத வாடகை அது.

60 வயது ஆனவர்களுக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பு 2023-ல் 15 லட்சத்தில் இருந்து 30 லட்சமாக உயர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் வட்டியும் 8.2 சதவீதம் ஆனது. அந்த விகிதத்தில் கணக்குப் போட்டால் 15 லட்சத்துக்கு ஆண்டுக்கு 1,23,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் கணக்கில் வரும். மாதத்துக்குப் பிரித்தால் 10,250.

அதாவது வேன் வாங்கிய நாளில் இருந்து, அது வாசலில் சும்மா நின்றாலும் மாதம் 10,250 ரூபாய் வருமானம் இல்லாமல் போகிறது. தனியார் மற்றும் பொதுத்துறை ஊழியர்கள் பலருக்கு ஓய்வூதியம் பெரிதாக இருக்காது. அவர்களுக்கு இந்த வட்டிதான் மளிகை, கரண்ட் பில், மாத்திரை எல்லாம். இந்தப் பணத்தைத் தொடும் முன் ஒரு வாரம் ஒதுக்கிச் சோதித்துப் பார்ப்பது நஷ்டமே இல்லை.

எந்த வண்டியில் வெள்ளோட்டம் போவது?

மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, வீட்டில் இருக்கும் கார். பின்சீட்டை மடக்கி மெத்தை விரித்தால் ஒரு படுக்கை. இது விளையாட்டுப் பேச்சு அல்ல. கேரளத்தைச் சேர்ந்த ஹரிகிருஷ்ணன் - லட்சுமி தம்பதி 2020-ல் ஹூண்டாய் கிரெட்டா காரையே படுக்கையறை ஆக்கிக்கொண்டு இந்தியாவைச் சுற்றக் கிளம்பினார்கள். ‘டின்பின் ஸ்டோரீஸ்’ என்ற பெயரில் அவர்கள் போட்ட வீடியோக்கள் பரவலாகப் பேசப்பட்டன. பெரும்பாலும் பெட்ரோல் பங்க்குகளில் நிறுத்தித் தூங்கினார்கள். வேன் இல்லாமலேயே வேன் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

இரண்டாவது, நாமே ஓட்டும் வாடகை வேன். மூன்றாவது, டிரைவரோடு வரும் கேரவன். கேரளத்தில் 2021 செப்டம்பரில் ‘கேரவன் கேரளா’ என்று தனிக் கொள்கையே அறிவித்தார்கள். வாகமனில் கேரவன் நிறுத்துவதற்கென்றே பூங்கா வந்தது. சொகுசு அதிகம், வாடகையும் அதிகம். கூடவே ஒரு டிரைவர் இருப்பார் என்பதால் ‘நாம ரெண்டு பேர் மட்டும்’ என்ற அனுபவம் கிடைக்காது.

வாடகைக்கு எடுக்கும்போது நம்பர் பிளேட்டைப் பாருங்கள். நாமே ஓட்டுவதற்காக முறைப்படி வாடகைக்கு விடும் வண்டி என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை என்றால் சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான வண்டி. ‘தெரிஞ்சவர் வண்டிதான், குறைச்ச ரேட்டு’ என்று அதை வாடகைக்கு எடுத்து விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதே சிக்கலாகிவிடும். 1,000 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் லட்சக்கணக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கார் லைசென்ஸ் போதுமா?

போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டி என்றால், இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-ம் தேதி தீர்ப்பளித்தது. வாடகைக்குக் கிடைக்கும் வேன்கள் பெரும்பாலும் இந்த எடைக்குள் அடங்கிவிடும்.

ஆனால் லைசென்ஸின் கடைசித் தேதியைப் பாருங்கள். 2019 சட்டத் திருத்தத்தின்படி 50 முதல் 55 வயதுக்குள் எடுத்தாலோ புதுப்பித்தாலோ 60 வயது வரைதான் செல்லும். 55-க்கு மேல் என்றால் 5 ஆண்டுகள். ஓய்வு பெறும் வயதும் லைசென்ஸ் முடியும் வயதும் பலருக்கு ஒன்றாக வரும். புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். அதற்கும் கண் பரிசோதனைக்கும் ஆகும் செலவை பட்ஜெட்டில் முதல் வரியாகவே எழுதிவிடலாம். ராத்திரியில் எதிர் லைட் கண் கூசுகிறதா என்பது இந்த வயதில் முக்கியமான கேள்வி.

முதல் ராத்திரி எங்கே?

வீட்டு வாசலில்!

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் செலவே இல்லாத சோதனை இது. வடக்குத்தில் வீட்டு முன்னால் காரையோ வேனையோ நிறுத்திவிட்டு இருவரும் உள்ளே படுத்துப் பாருங்கள். கொசு எப்படி வருகிறது, ஜன்னலைத் திறந்தால்தான் காற்று வருகிறதா, முதுகு வலிக்கிறதா, ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூம் போக எழுந்தால் மற்றவர் தூக்கம் கெடுகிறதா என்பதெல்லாம் ஒரே இரவில் தெரிந்துவிடும். முடியவில்லையா? பத்தடி நடந்தால் வீடு.

அடுத்தது, ஒரே ஒரு இரவு வெளியூரில். சிதம்பரம், பிச்சாவரம் பக்கம் போய் வரலாம். பிரச்சினை என்றால் ஒன்றரை மணி நேரத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். இந்த இரண்டையும் தாண்டினால்தான் 8 நாள் பயணத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். இதிலேயே ‘எனக்கு ஒத்துவராது’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் பல ஆயிரம் மிச்சம்.

மாதமும் முக்கியம். ஏப்ரல், மே மாதங்களில் தகர வண்டிக்குள் மதியம் இருக்க முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்ததைக் கடலூர் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. பொங்கல் முடிந்து, ஜனவரி கடைசியில் இருந்து பிப்ரவரி வரை வெள்ளோட்டத்துக்கு ஏற்ற காலம்.

8 நாளுக்கு எவ்வளவு ஆகும்?

வடக்குத்தில் கிளம்பி சிதம்பரம், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, ராமேஸ்வரம் போய், தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகத் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்துச் சுமார் 900 கி.மீ. ஒரு நாளைக்குச் சராசரியாக 110 கி.மீ.தான். அதற்கு மேல் வைத்தால் பகல் முழுக்க ஸ்டியரிங் பிடிப்பதிலேயே போய்விடும்.

கீழே இருப்பவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட மாதிரித் தொகைகள். நீங்கள் விசாரித்த தொகையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

- வேன் வாடகை (நாளுக்கு 5,000 வீதம் 8 நாள்): 40,000 ரூபாய்
- டீசல் (லிட்டருக்கு 10 கி.மீ., 90 லிட்டர், லிட்டர் 95 ரூபாய்): 8,550 ரூபாய்
- சாப்பாடு, டீ, பால், குடிநீர் (நாளுக்கு 700): 5,600 ரூபாய்
- டோல், பார்க்கிங், கட்டணக் குளியலறை (நாளுக்கு 300): 2,400 ரூபாய்
- நடுவில் இரண்டு இரவு லாட்ஜ் (தலா 1,800): 3,600 ரூபாய்
- கொசுவலை, தண்ணீர் கேன், டார்ச், சின்ன ஃபேன் போன்ற சாமான்கள்: 4,000 ரூபாய்
- படகு, நுழைவுக் கட்டணம், அர்ச்சனை, இதர செலவுகள்: 2,000 ரூபாய்

மொத்தம் 66,150 ரூபாய். இதற்கு மேல் எதிர்பாராத செலவுக்கு ஒரு 10,000 தனியாக இருக்கட்டும். ஆக, 76,150 ரூபாய் கையில் இருந்தால் பதற்றம் இல்லாமல் போய் வரலாம்.

இதே பயணத்தை வீட்டில் இருக்கும் காரில் போனால் வாடகை 40,000 ரூபாய் அப்படியே கழிந்துவிடும். மீதி 26,150-க்குள் முடிந்துவிடும். காரின் மைலேஜ் அதிகம் என்றால் இன்னும் குறையும்.

இரண்டு லாட்ஜ் இரவுகள் ‘ஏமாற்று வேலை’ அல்ல. மூன்றாம் நாளும் ஆறாம் நாளும் நன்றாகக் குளித்து, துணி துவைத்து, கால் நீட்டித் தூங்க வேண்டும். வேன் வாங்கிய பிறகும் இது தேவைப்படும். அதனால் வெள்ளோட்டக் கணக்கிலும் இது இருந்தே ஆக வேண்டும்.

பஸ்ஸிலேயே போனால் என்ன?

இந்தக் கேள்வியை யாராவது கட்டாயம் கேட்பார்கள். கேட்பதும் நியாயம்தான். இதே ஊர்களுக்கு அரசுப் பேருந்தில் போய், ஏழு இரவும் 1,500 ரூபாய் லாட்ஜில் தங்கினால் 10,500. இருவருக்கும் பஸ் டிக்கெட் 3,000, ஆட்டோ 3,000, ஓட்டல் சாப்பாடு 7,200, இதர செலவு 2,000 என்று வைத்தால் 25,700 ரூபாய். வாடகை வேனில் ஆவதில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

ஆக, ‘வேன் இருந்தால் லாட்ஜ் செலவு மிச்சம்’ என்ற காரணத்துக்காக வேன் வாங்குவது தப்புக் கணக்கு. நினைத்த இடத்தில் நிறுத்தலாம், நினைத்த நேரத்தில் கிளம்பலாம், சொந்தப் படுக்கையில் தூங்கலாம். நாம் காசு கொடுத்து வாங்குவது அந்தச் சுதந்திரத்தை. அது நமக்கு அவ்வளவு பெறுமா என்பதுதான் சோதனை.

பட்ஜெட்டில் எழுத மறக்கும் விஷயங்கள்

டெபாசிட்: வாடகை வண்டிக்கு முன்பணம் கேட்பார்கள். திரும்பி வரும் பணம்தான் என்றாலும், பயணம் முடியும் வரை அது நம் கையில் இருக்காது. கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கீறலுக்கு நாம் பணம் கட்ட வேண்டி வராது.

டோல்: 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஆண்டு பாஸ்டேக் பாஸ், வணிகப் பயன்பாடு இல்லாத கார், ஜீப், வேன்களுக்கு மட்டும்தான். ஓராண்டு அல்லது 200 முறை கடப்பது, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். வாடகை வண்டிக்கு இது கிடையாது. மாநில அரசின் டோல்களிலும் செல்லாது. அதனால் வெள்ளோட்டத்தில் டோலுக்கு ஆகும் செலவு, சொந்த வேன் வாங்கிய பிறகு குறையலாம். இதைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

இ-பாஸ்: ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ரூட்டை மாற்றினால் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். கட்டணம் இல்லை. ஆனால் எடுக்க மறந்தால் அந்த நாள் வீண்.

மருந்து: பி.பி., சுகர் மாத்திரைகள் 8 நாளுக்குப் பதில் 12 நாளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர் என்றால் அதைக் குளிர்ச்சியாக வைக்கும் பெட்டிக்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். வேனுக்குள் சூடு ஏறினால் மருந்து கெட்டுப்போகும்.

ராத்திரி எங்கே நிறுத்துவது?

இதுதான் மனைவி முதலில் கேட்கும் கேள்வி. ‘என்னங்க, அதெல்லாம் சரி, பாத்ரூமுக்கு எங்க போறது?’ இதற்குப் பதில் இல்லாத பயணத் திட்டம் திட்டமே அல்ல.

பெட்ரோல் பங்க்குகளில் கழிவறை, குடிநீர், டயருக்குக் காற்று ஆகியவை இலவசமாக இருக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதிமுறை. டீசலை அங்கேயே போட்டுவிட்டு, ‘ராத்திரி ஓரமா நிறுத்திக்கலாமாண்ணே?’ என்று கேட்டால் பல இடங்களில் சரி என்பார்கள். வெளிச்சம், கேமரா, ஆள் நடமாட்டம் மூன்றும் இருக்கும். அனுமதி கேட்காமல் நிறுத்த வேண்டாம். வேளாங்கண்ணி, ராமேஸ்வரம் போன்ற யாத்திரைத் தலங்களில் கட்டண பார்க்கிங்கும் குளியலறையும் பக்கத்திலேயே கிடைக்கும். ஓட்டல்களில் பார்க்கிங்குக்கும் குளியலுக்கும் மட்டும் பணம் கொடுத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

நிறுத்தக்கூடாத இடங்களும் உண்டு. நெடுஞ்சாலை ஓரம் கூடவே கூடாது. பின்னால் வரும் லாரி டிரைவர் கண் அசந்தால் கதை முடிந்தது. தனுஷ்கோடிக்கு மாலைக்குப் பிறகு வாகனங்களை விடுவதில்லை, கடற்கரையில் இரவு தங்கலாம் என்று நினைத்துப் போக வேண்டாம். சாயங்காலம் ஐந்து மணிக்குள் அன்றைய இடத்தை முடிவு செய்துவிட வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108. மூன்றையும் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள்.

சிக்கனம் பிடிக்கக்கூடாத இரண்டு இடங்கள்

ஒன்று கேஸ். 2023 ஆகஸ்ட் 26-ம் தேதி அதிகாலை மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் உயிரிழந்தார்கள். விதியை மீறிக் கொண்டுவந்த சமையல் சிலிண்டர்தான் காரணம். ரயில் பெட்டியே அப்படி என்றால் வேன் எத்தனை நிமிஷம் தாங்கும்? வீட்டு சிலிண்டரை வேனில் ஏற்றவே வேண்டாம். 8 நாள் வெள்ளோட்டத்துக்கு வண்டிக்குள் அடுப்பே தேவையில்லை. ஃபிளாஸ்க், அவல், பழம், புளிசாதம், ஓட்டல் இட்லி போதும்.

இரண்டு, மூச்சுக் காற்று. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரில் இருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று நிபுணர்கள் ஆய்வில் தெரியவந்தது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். ஏ.சி.க்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது, ஜெனரேட்டரை வண்டிக்குள்ளோ அடியிலோ ஓட்டுவது இரண்டும் கூடாது. ஜன்னலில் கொசுவலை கட்டிக் கொஞ்சம் திறந்து வைத்து, பேட்டரி ஃபேனைப் போட்டுக்கொள்ளுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கும் சின்ன தீயணைப்பானுக்கும் ஆகும் செலவை யோசிக்காமல் செய்யுங்கள்.

சமையல் யார்? பெருக்குவது யார்?

கணவருக்கு வேன் என்றால் ஓட்டுவது. மனைவிக்கு? சுருங்கிப்போன அதே அடுப்படியாக ஆகிவிட்டால், அவருக்கு இது சுற்றுலா இல்லை, இடமாற்றம். ‘இத்தனை வருஷம் டிபன் கட்டினேன், இப்ப வேன்லயும் கட்டணுமா?’ என்று அவர் கேட்டால் தப்பில்லை.

அதனால் வேலைகளையும் பணத்தைப் போலவே முன்கூட்டியே பிரித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் பிடிப்பது, பாத்திரம் கழுவுவது, படுக்கை மடக்குவது, பார்க்கிங் கேட்பது, கணக்கு எழுதுவது என்று எல்லாவற்றுக்கும் பெயர் எழுதுங்கள். அவரும் வண்டி ஓட்டத் தெரிந்தவர் என்றால் ஸ்டியரிங்கையும் பிரித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஆளுக்கு ஒரு நோட்டு. தினமும் ராத்திரி மூன்றே வரி எழுத வேண்டும். நேற்று எப்படித் தூங்கினேன்? இன்று எது பிடித்தது, எது எரிச்சல்? நாளைக்கும் வேனில் இருக்க ஆசையா, வீட்டுக்குப் போக ஆசையா? ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது. வீட்டுக்கு வந்த பிறகுதான் இரண்டையும் எடுத்து வைத்துப் படிக்க வேண்டும். நேரில் கேட்டால் ‘பரவாயில்லங்க’ என்று சொல்பவர் நோட்டில் உண்மையை எழுதுவார்.

வீடு திரும்பியதும் போட வேண்டிய கணக்கு

முதல் எண் இப்போது கையில் இருக்கும். நம் மாதிரிக் கணக்கில் 66,150 ரூபாயில் வாடகை 40,000, ஒருமுறை வாங்கும் சாமான் 4,000 இரண்டையும் கழித்தால் 22,150. எட்டால் வகுத்தால் நாளுக்கு 2,770 ரூபாய். வேன் சொந்தமாக இருந்தாலும் ஓடும் நாளுக்கு இவ்வளவு ஆகும்.

அடுத்தது, சொந்த வேனின் ஆண்டுச் செலவு. இழக்கும் வட்டி 1,23,000. வண்டியின் மதிப்பு ஆண்டுக்கு 1,00,000 குறைவதாக வைப்போம். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், பேட்டரிக்கு 50,000. மொத்தம் 2,73,000 ரூபாய். வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் இது ஆகும்.

இதை ஒரு நாள் வாடகையான 5,000-ஆல் வகுத்தால் 54.6. அதாவது, வருஷத்துக்கு 55 நாளாவது வேனில் இருந்தால்தான் வாங்குவது வாடகைக்கு எடுப்பதைவிட லாபம். அந்த 55 நாளுக்கு ஓட்டச் செலவு 1,52,350 ரூபாயையும் சேர்த்தால் ஆண்டுக்கு 4,25,350. மாதத்துக்கு 35,000-க்கு மேல்.

இப்போது இரண்டு நோட்டுகளையும் எடுங்கள். எட்டு நாளில் எத்தனை நாள் இருவருமே ‘நாளைக்கும் வேன்’ என்று எழுதியிருக்கிறார்கள்? ஆறு, ஏழு நாள் என்றால் 55 நாள் கனவு இல்லை. மூன்றாம் நாளிலேயே ஒரு நோட்டில் ‘வீடு’ என்று வந்துவிட்டதா? வருஷத்துக்கு இரண்டு முறை, பத்துப் பத்து நாள் வாடகைக்கு எடுங்கள். 20 நாளுக்கு வாடகை ஒரு லட்சம்தான். 15 லட்சம் அப்படியே இருக்கும். அதில் வரும் 1,23,000 ரூபாய் வட்டியே அந்த வாடகையைக் கட்டிவிடும்!

வாங்குவது என்றே முடிவானால், ‘சாதா வேனை வாங்கி நம்ம பட்டறையிலேயே கட்டில் அடிச்சுக்கலாம்’ என்று இறங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியின் அடிப்படை அமைப்பை இஷ்டப்படி மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கழற்றி மாட்டும் படுக்கை வேறு, சீட்டைப் பிடுங்கி வெல்டிங் அடிப்பது வேறு. பதிவுச் சான்றில் ஏறாத மாற்றம், விபத்து நேரத்தில் இன்சூரன்ஸைக் கெடுக்கும்.

வேன் இல்லாமலும் சுற்றலாம்

கொச்சியில் டீக்கடை நடத்திய விஜயன் - மோகனா தம்பதியைப் பலருக்கு நினைவிருக்கும். கடை வருமானத்தில் நாளுக்கு 300 ரூபாய் எடுத்து வைத்து, போதாததற்குச் சின்னக் கடன் வாங்கி, போய் வந்து அதை அடைத்து, அடுத்த நாட்டுக்குக் கிளம்புவார்கள். அப்படியே 25 நாடுகளுக்கு மேல் பார்த்தார்கள். 2021-ல் ரஷ்யா போய் வந்த சில வாரங்களில் விஜயன் காலமானார். இதற்கெல்லாம் அவர்களுக்கு வேன் தேவைப்படவில்லை. ஒரு பயணத்துக்கு எவ்வளவு ஆகும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

வடக்குத்துத் தம்பதிக்குத் தேவையும் அந்தத் தெளிவுதான். பணி ஓய்வுப் பணம் ஒரே ஒரு முறைதான் வரும். அதற்கு முன்னால் லீவு போட்டு எட்டு நாள் போய் வந்துவிட்டால், வேன் வாங்கினாலும் சரி, வேண்டாம் என்று விட்டாலும் சரி, இருவரும் சேர்ந்து எடுத்த முடிவாக இருக்கும். இந்த வாரக் கடைசியில் முதல் வேலை, வீட்டு வாசலில் ஒரு ராத்திரி படுத்துப் பார்ப்பது. அதற்கு அஞ்சு பைசா செலவில்லை.